யாருடைய வீரர் என்று கேட்பதற்கு முன்: சக ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய விளையாட்டு ரசிகர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எந்த ஆட்டத்தைப் பார்ப்பவராக இருந்தாலும், எந்த அணியின் சட்டையைப் போட்டுக்கொள்பவராக இருந்தாலும், இந்த மடல் உங்களுக்காகத்தான். ஆட்டம் முடிந்த பிறகும் அதை விட்டு வெளியே வர முடியாமல் மணிக்கணக்கில் பேசித் தீர்ப்பவர்களில் நானும் ஒருவன். வீரர் ஒருவரைப் பற்றிச் சர்ச்சை கிளம்பிவிட்டால் ஆட்டத்தைக்கூட மறந்துவிட்டு அதையே பேசியிருக்கிறேன். அப்படிப் பேசுவது தவறு என்று சொல்ல வரவில்லை. காசையும் நேரத்தையும் மனத்தையும் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு, களத்தில் நடப்பது நேர்மையாக நடக்கிறதா என்று கேட்கும் உரிமை முழுமையாக உண்டு. நான் எழுத வந்தது நம் கேள்விகளின் வரிசையைப் பற்றி. செய்தி காதில் விழுந்ததும், என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே யாருடைய வீரர் என்று நம் மனம் கேட்டுவிடுகிறது. அதற்குக் கிடைக்கும் பதில்தான் பிறகு சாட்சியாகவும் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் உட்கார்ந்துவிடுகிறது.

இதை நான் என்னிடமே கண்டுகொண்டது 2024 ஆகஸ்ட் 20 அன்று. அப்போது டென்னிஸ் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த இத்தாலியின் யானிக் சின்னர், அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் இரண்டு முறை ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியிருந்தார் என்ற செய்தி அன்றுதான் வெளியானது. நண்பர் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "எனக்கு அப்போதே சந்தேகம்" என்றேன். உண்மையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. எனக்குப் பிடித்த ஆட்டக்காரரைத் தோற்கடித்தவர் என்பதைத் தவிர அவர்மேல் எனக்கு வேறு குறையும் கிடையாது. ஐந்து மாதம் மூடி மறைத்துவிட்டார்கள், பெரிய இடம் என்பதால் தப்பவிட்டார்கள் என்று அன்று இரவு வரை நான்கைந்து பேரிடம் அடித்துப் பேசினேன். அவருடைய வழக்கை விசாரித்த தீர்ப்பாயத்தின் முடிவு அன்றே பொதுவெளியில் இருந்தது. அதை நான் வாசித்தது மூன்று வாரம் கழித்து.

அதில் இருந்த விவரம் இதுதான். சின்னரின் பிசியோ தன் விரலை வெட்டிக்கொண்டார். காயத்துக்கு, இத்தாலியில் மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு ஸ்பிரேயை அடித்துக்கொண்டார். குளோஸ்டெபால் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் அதில் இருந்தது. அதே கையால், உறை ஏதும் போடாமல், சின்னருக்கு நாள்தோறும் மசாஜ் செய்தார். முதல் சோதனையில் கண்டறியப்பட்ட அளவு, ஒரு மில்லிலிட்டருக்கு 86 பிகோகிராம். அதாவது ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் 86 பங்கு. ஐந்து மாத மௌனத்துக்கும் விதியிலேயே காரணம் இருந்தது. சோதனையில் பொருள் தென்பட்டதும் தற்காலிகத் தடை விழுகிறது. வீரர் உடனடியாக முறையிட்டு அந்தத் தடையை நீக்கிக்கொண்டால், விசாரணை முடியும் வரை செய்தி வெளியிடப்படுவதில்லை. சின்னர் இரண்டு முறையும் அப்படித்தான் முறையிட்டு நீக்கிக்கொண்டிருந்தார்.

அத்தோடு கதை முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்மேல் எந்தக் குறையும் இல்லை என்று தீர்ப்பாயம் சொன்னதை உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை ஏற்காமல் மேல்முறையீடு செய்தது. 2025 பிப்ரவரியில் இரு தரப்பும் உடன்பட்டு மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டது. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, அந்தப் பொருளால் அவருக்கு எந்தப் பலனும் கிடைக்கவில்லை என்று முகமையே ஒப்புக்கொண்டது. ஆனால் தன்னைச் சுற்றியிருப்பவர்களின் கவனக்குறைவுக்கு வீரரே பொறுப்பு என்ற விதியை அது விட்டுக்கொடுக்கவில்லை. ஆக, 'ஏமாற்றுக்காரர்' என்று முதல் நாள் கத்திய நானும், 'அப்பழுக்கில்லாதவர்' என்று எதிரில் நின்று கத்தியவர்களும், இருவருமே விவரம் தெரியாமல்தான் கத்தியிருக்கிறோம். அந்த மூன்று மாதத்தில் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றுகூட வரவில்லையே என்று பிறகு சிலர் கேட்டார்கள். விவரம் தெரிந்துகொண்டு கேட்கப்பட்ட அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

இங்கேதான் ருமேனியாவின் சிமோனா ஹாலெப் நினைவுக்கு வருகிறார். 2018-ல் பிரெஞ்சு ஓபனையும் 2019-ல் விம்பிள்டனையும் வென்றவர். 2022 அமெரிக்க ஓபனில் எடுக்கப்பட்ட மாதிரியில் ரோக்சாடுஸ்டாட் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாகச் சொல்லி, அந்த அக்டோபரில் அவருக்குத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் அது நான்கு ஆண்டுத் தடையானது. 2024 மார்ச்சில், லோசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அதை ஒன்பது மாதமாகக் குறைத்தது. அந்த ஒன்பது மாதம் 2023 ஜூலையிலேயே முடிந்துபோயிருந்தது என்பதுதான் கொடுமை. அவர் களத்துக்கு வெளியே இருந்தது ஏறக்குறைய பதினேழு மாதம். விதிக்கப்பட்ட தண்டனைக்கு மேல் எட்டு மாதத்தை, முப்பதைத் தாண்டிய ஒரு டென்னிஸ் வீராங்கனைக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்? 2025 பிப்ரவரியில், சொந்த நாட்டில் ஒரு போட்டியில் தோற்ற அன்றே ஓய்வை அறிவித்துவிட்டார்.

சின்னருக்கு ஒரு நீதி, ஹாலெப்புக்கு ஒரு நீதியா என்று பலர் கேட்டார்கள். நானும் கேட்டேன். இரண்டு வழக்கும் ஒன்றல்ல. பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சின்னர் தரப்பு சில நாட்களிலேயே சொல்ல முடிந்தது. ஹாலெப் தரப்போ, அவர் உட்கொண்ட ஊட்டப் பொருளில் கலப்படம் இருந்தது என்பதை நிபுணர்களை வைத்து வாதாடி நிறுவ வேண்டியிருந்தது. ஆனால் கேள்வியின் அடியில் இருக்கும் வேதனை உண்மையானது. நல்ல வழக்கறிஞரையும் ஆய்வகத்தையும் ஒரே வாரத்தில் அமர்த்திக்கொள்ளும் வசதி தரவரிசையின் உச்சியில் இருப்பவருக்கு உண்டு. இருநூறாவது இடத்தில் இருப்பவருக்கு அந்த வசதி எங்கிருந்து வரும்? சண்டை போடுவதாக இருந்தால் ரசிகர்களாகிய நாம் இதற்காகச் சண்டை போட வேண்டும். 'உன் ஆள் திருடன், என் ஆள் யோக்கியன்' என்ற கூச்சலில் இந்தக் கேள்வி அடிபட்டுப் போகிறது. அமைப்புகளுக்கும் அது வசதியாகப் போய்விடுகிறது.

கண்ணால் பார்த்ததை நம்பக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனை நினைவூட்டுகிறேன். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன் மைதானம். அவருக்கு வயது 23. நடுவர் டாரல் ஹேர், அவர் முழங்கையை மடக்கி நிமிர்த்தி, விதிக்கு மாறாகப் பந்தை எறிகிறார் என்று சொல்லி ஏழு முறை நோ-பால் கொடுத்தார். அன்று தொடங்கிய பேச்சு பதினைந்து ஆண்டு ஓயவில்லை. ஆஸ்திரேலிய மைதானங்களில் அவர் பந்தோடு ஓடிவரும் போதெல்லாம் பார்வையாளர்கள் 'நோ-பால்' என்று கத்தினார்கள். 2004-ல் அந்நாட்டுப் பிரதமர் ஜான் ஹோவர்டே அவரை எறிபவர் என்று பொதுவில் சொன்னார். இந்தப் பக்கம், முரளியை யார் குறை சொன்னாலும் அது நிறவெறி என்று நாம் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டோம். அந்த முழங்கை எத்தனை டிகிரி மடங்கி நிமிர்கிறது என்பதை இரு தரப்பிலும் சட்டையின் நிறத்தை வைத்தே முடிவு செய்திருந்தோம்.

அளந்து பார்த்தவர்கள் சொன்னது வேறு. பிறவியிலேயே அவரால் முழங்கையை முழுதாக நீட்ட முடியாது. அதோடு தோளும் மணிக்கட்டும் சுழலும் விதத்தால் எறிவதுபோல ஒரு காட்சி மயக்கம் உண்டாகிறது என்று பல்கலைக்கழக ஆய்வகத்தில் கண்டறிந்தார்கள். அடுத்து நடந்தது எல்லாருக்கும் அதிர்ச்சியாக இருந்தது. 2004 சாம்பியன்ஸ் கோப்பையில் எல்லா அணிகளின் பந்துவீச்சாளர்களையும் படம்பிடித்து ஆராய்ந்தபோது, பந்தை விடும் நேரத்தில் கையைக் கொஞ்சம்கூட நிமிர்த்தாதவர் என்று ஏறக்குறைய ஒருவரும் இல்லை என்று தெரிந்தது. மிகச் சுத்தமான வீச்சு என்று நாம் உதாரணம் காட்டிக்கொண்டிருந்த வேகப்பந்து வீச்சாளர்களின் கையும், அதுவரை வேகத்துக்கு விதி அனுமதித்த 10 டிகிரியைத் தாண்டியிருந்தது. வெறும் கண்ணுக்கு அது பிடிபடவே இல்லை. 2005-ல் எல்லா வகைப் பந்துவீச்சுக்கும் 15 டிகிரி என்று விதி மாறியது. முரளி 2010-ல் காலியில், தன் கடைசி டெஸ்டில் வீசிய கடைசிப் பந்தில் 800-வது விக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றார்.

இதைச் சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவுகோல் பெருமைக்காக வளையாது. முரளியின் கையை அளந்த அதே அறிவியல்தான், 2014 செப்டம்பரில் பாகிஸ்தானின் சயீத் அஜ்மலின் கை 15 டிகிரியைத் தாண்டுகிறது என்றும் சொன்னது. முரளிக்காக ஆய்வக அறிக்கையைத் தூக்கிப் பிடித்தவர்கள் அஜ்மலின் அறிக்கையையும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். அதேபோல, நம் அணியின் சுழற்பந்து வீச்சாளர் ஒருவர்மேல் நாளை புகார் வந்து, அளந்த பிறகு எல்லையைத் தாண்டியிருந்தால், அன்று 'சதி' என்ற சொல்லை எடுக்காமல் இருக்க வேண்டும். அதுதான் கடினம்.

நம் வீரர் என்றதும் நாம் இன்னொன்றும் செய்கிறோம். புகார் சொன்னவரையே குற்றவாளியாக்கிவிடுகிறோம். 2004 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 18-வது கட்டம். முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையில், போட்டியை ஏறக்குறைய வென்றுவிட்ட நிலையில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். அவருக்கு எந்த வகையிலும் போட்டியாக இல்லாத இத்தாலிய வீரர் பிலிப்போ சிமியோனி, முன்னால் பிரிந்து போய்க்கொண்டிருந்த சிறு குழுவோடு சேர முயன்றார். ஆர்ம்ஸ்ட்ராங் தானே துரத்திக்கொண்டு போனார். சிமியோனி பின்வாங்கும் வரை அவர் அந்தக் குழுவை விட்டு நகரவில்லை. திரும்பி வரும்போது கேமராவைப் பார்த்து உதட்டின் மேல் ஜிப்பை இழுப்பதுபோல் சைகை காட்டினார். ஆர்ம்ஸ்ட்ராங்கோடு பணியாற்றிய மருத்துவர் ஒருவருக்கு எதிராக நீதிமன்றத்தில் ஊக்கமருந்து பற்றிச் சாட்சி சொன்னவர் சிமியோனி. அந்தச் சைகையை உலகமே பார்த்தது. பார்த்த நம்மில் பலர் அதை ஒரு சாம்பியனின் கம்பீரம் என்று ரசித்தோம்.

ஆர்ம்ஸ்ட்ராங் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர். அந்தக் கதை நமக்கு வேண்டியிருந்தது. அதைக் கெடுக்க வந்தவர்களாகத்தான், அவருடைய அணியில் மசாஜ் பணி செய்த எம்மா ஓ'ரைலியும், சக வீரர் ஒருவரின் மனைவியான பெட்ஸி ஆண்ட்ரூவும் நம் கண்ணுக்குத் தெரிந்தார்கள். பொறாமை பிடித்தவர்கள், பணத்துக்காகப் பேசுபவர்கள் என்று அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் வசை வாங்கினார்கள். 2012-ல் அவருடைய ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன; 2013 ஜனவரியில் அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அந்த இருவரையும் பழித்தவர்களில் எத்தனை பேர் பிறகு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். 2000 ஏப்ரலில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணித் தலைவர் ஹன்சி குரோனியே சூதாட்டத் தரகருடன் பேசியதாக டெல்லி காவல்துறை அறிவித்தபோதும் இதுவே நடந்தது. தென்னாப்பிரிக்காவில் பலருக்கு அவர்மேல் அல்ல, டெல்லி காவல்துறையின் மேல்தான் கோபம் வந்தது. நான்கே நாளில் குரோனியே தன் வாரியத்தின் நிர்வாக இயக்குநரை அழைத்து, தான் முழு உண்மையைச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஆகவே, தீர்ப்பு வரும் வரை எல்லாரும் வாய்மூடி இருங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படி இருந்திருந்தால் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பொய் இன்னும் நீடித்திருக்கும். சந்தேகப்படுங்கள், கேளுங்கள், தோண்டுங்கள். புகார் சொன்னவர் யாருடைய ஆள் என்று துருவும் ஆர்வத்தில் பாதியையாவது, அவர் என்ன சொல்கிறார் என்பதைக் கேட்பதில் காட்டுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். குறிப்பாக, பயிற்சியாளரோ நிர்வாகியோ மூத்த வீரரோ தன்னிடம் தவறாக நடந்தார் என்று ஒரு பெண் சொல்லும்போது, 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை' என்ற கேள்வி நம் வாயிலிருந்து முதலில் வரக் கூடாது.

பெண்களைப் பற்றிப் பேசும்போது இன்னொரு செய்தியையும் தாண்டிப் போக முடியவில்லை. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜனின் பதக்கம், பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பறிக்கப்பட்டது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை, எந்த மருந்தையும் எடுக்கவில்லை. ஆனாலும் அவருடைய உடலைப் பற்றி, அவரை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களெல்லாம் பேசினார்கள். எட்டு ஆண்டு கழித்து, 2014-ல், ஓட்டக்காரர் டூட்டி சந்துக்கும் அதே போன்ற நிலை வந்தது; உடலில் இயற்கையாகவே ஆண் ஹார்மோன் அதிகம் என்று சொல்லி அவரைத் தடுத்தார்கள். அவருக்கு வழக்காட ஆதரவு கிடைத்தது. 2015-ல் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அந்த ஹார்மோன் விதியையே நிறுத்திவைத்தது. சாந்தியின் பதக்கம் திரும்பி வரவில்லை. பெண்கள் பிரிவில் யார் போட்டியிடலாம் என்பது பற்றிய விதிகள் இன்றும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கும், இருக்கட்டும். விதியைப் பற்றிப் பேசுவோம். ஒரு பெண்ணின் புகைப்படத்தைப் பெரிதாக்கித் தோளையும் தாடையையும் காட்டித் தீர்ப்புச் சொல்லும் வேலையை மட்டும் நம்மில் யாரும் செய்ய வேண்டாம்.

தவறே செய்யாமல், வெறுமனே சறுக்கியவர்களை நாம் நடத்தும் விதம் பற்றி நீட்டிப் பேச மனம் வரவில்லை. கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபர் 1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராகச் சேம்சைடு கோல் போட்டார். பத்தே நாளில் மெடெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. 2021 யூரோ இறுதியாட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட மூன்று கறுப்பின இங்கிலாந்து இளைஞர்கள்மேல் சமூக ஊடகங்களில் நிறவெறி வசைகள் குவிந்தது அனைவரும் அறிந்தது. 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரு கேட்சை விட்டதற்காக, 23 வயது அர்ஷ்தீப் சிங்கின் தேசப்பற்றையே கேள்விக்குள்ளாக்கினார்கள். அவரே 2024 டி20 உலகக் கோப்பையில் 17 விக்கெட் எடுத்துக் கோப்பையைக் கொண்டுவந்தபோது, திட்டியவர்களும் சேர்ந்துதான் கொண்டாடினார்கள். கொண்டாடியதில் தவறில்லை, பழையதைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது இதில் பணமும் கலந்துவிட்டது. 2024-ல் டென்னிஸ் வீரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும் சமூக ஊடகங்களில் வந்த வசைகளைப் பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பும் மகளிர் டென்னிஸ் சங்கமும் கண்காணித்தன. சுமார் 8,000 பதிவுகள், 458 பேருக்கு எதிராக. அவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடு, பந்தயத்தில் பணத்தை விட்டவர்கள் ஆத்திரத்தில் எழுதியவை. வீரரின் குடும்பத்தைக் கொல்வேன் என்று எழுதுபவரை ரசிகர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அவர் நம் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டுதான் அதை எழுதுகிறார். அவருக்குச் சிரிப்புக் குறி போட்டுவிட்டுப் போகிறவர்கள் நாம்தான்.

தண்டனை முடிந்து திரும்பியவரை என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. 2018 மார்ச்சில் கேப்டவுனில் பந்தை உப்புத்தாளால் தேய்த்த விவகாரத்தில், அப்போது ஆஸ்திரேலிய அணித் தலைவராக இருந்த ஸ்டீவ் ஸ்மித்துக்கு ஓராண்டுத் தடை. அது முடிந்து, 2019 உலகக் கோப்பைக்கு வந்தார். ஜூன் 9, ஓவல் மைதானம். எல்லைக் கோட்டருகே பீல்டிங் செய்துகொண்டிருந்த அவரை இந்திய ரசிகர்கள் கூட்டமாக ஏளனம் செய்தார்கள். ஆடிக்கொண்டிருந்த விராட் கோலி அந்தப் பக்கம் திரும்பி, ஏளனத்தை நிறுத்தச் சொல்லி, கைதட்டுங்கள் என்று இரு கைகளாலும் சைகை காட்டினார். ஸ்மித் அருகில் வந்து கைகொடுத்தார். எதிரணித் தலைவராக இருந்துகொண்டு, தன் ரசிகர்களையே நிறுத்தச் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று பாருங்கள். ஸ்மித் செய்த தவறு சின்னது என்று கோலி நினைத்திருக்க மாட்டார். விதித்த தண்டனையை அவர் அனுபவித்துவிட்டார், அதற்கு மேல் விதிக்க நாம் யார் என்பதுதான் அந்தச் சைகையில் இருந்தது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை ஒரு செய்தி வரும்போது, அந்தப் பெயரை எடுத்துவிட்டு, நீங்கள் உயிராக நேசிக்கும் வீரரின் பெயரையோ அறவே பிடிக்காதவரின் பெயரையோ அதே இடத்தில் வைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உங்கள் தீர்ப்பு மாறுகிறது என்றால், அது செய்தியைப் பற்றிய தீர்ப்பு அல்ல. எடுத்த மாதிரியின் முதல் பகுதியின் முடிவா, சரிபார்க்க வைத்த இரண்டாம் பகுதியும் சோதிக்கப்பட்டுவிட்டதா, தற்காலிகத் தடையா, இறுதித் தீர்ப்பா, மேல்முறையீடு பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரங்களில் அதெல்லாம் செய்தியின் மூன்றாவது பத்தியிலேயே இருக்கும். தீர்ப்பு வெளியாகியிருந்தால் அதை வாசியுங்கள். நான் நினைத்ததைவிட அவை எளிய மொழியில் இருக்கின்றன.

பிறகு, தவறாகப் பேசியிருந்தால், பேசிய அதே ஆட்களிடம், பேசிய அதே சத்தத்தில் திருத்திச் சொல்லுங்கள். சின்னர் விஷயத்தில் நான் அதைச் செய்தேன். அன்று இரவு என்னோடு பேசிய நண்பர்களிடம் போய், நான் படிக்காமல் பேசிவிட்டேன் என்று சொல்லி, தீர்ப்பில் இருந்ததை விளக்கினேன். இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், "இப்போது எதற்கு அந்தப் பழங்கதை?" என்றார். அவரிடமும் முழுவதையும் சொல்லி முடித்தேன்.

ஹாலெப்பைப் பற்றி 2022 அக்டோபரில் நான் பேசியது அதைவிட மோசமானது; அவர் வென்ற பட்டங்கள்கூட மருந்தால் வந்தவைதான் என்று சொல்லியிருக்கிறேன். அதை யார் யாரிடம் சொன்னேன் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். எல்லாரும் நினைவுக்கு வரவில்லை. ஆதலால் இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்தப் பொருள் கலப்படமான ஊட்டப் பொருளின் வழியாக அவர் உடலுக்குள் போயிருக்கிறது என்பதையும், அவர் தெரிந்தே விதியை மீறவில்லை என்பதையும் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. கவனக்குறைவுக்காக மட்டும் ஒன்பது மாதம் தண்டித்தது. நான் சொன்னது தவறு. அன்று என்னிடம் அதைக் கேட்டவர்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், நீங்கள் அதை யாரிடம் போய்ச் சொன்னீர்களோ அவர்களிடமும் இதைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்